பொத்தான் மாற்றும் அறை

கழற்றிய பொத்தானை டப்பாவில் போடுவதற்கு முன்னால் பெரியம்மா அதைக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். சில்லென்று பட்டு, அந்தச் சில்லிப்பு அப்படியே நின்றால் சிப்பி. சில்லிட்டுச் சட்டென்று விட்டுப்போனால் தகரம். ஒன்றுமே தெரியாவிட்டால் பிளாஸ்டிக். கண் வேறெங்கோ இருக்கும். பேச்சு நடந்துகொண்டிருந்தால் உதட்டில் பொத்தானோடே பதில் சொல்வாள். சொற்கள் கொஞ்சம் நசுங்கி வரும். பிறகு தலையைத் திருப்பாமலே பிஸ்கட் டப்பாவில் அததற்கான தடுப்பில் போடுவாள்.

எங்கள் பிரஸ்பிடேரியன் சபையின் மாதர் தரும சங்கம் கூடுவது ஆலயத்தின் பின்சுவரை ஒட்டிக் கட்டிய ஒரு நீள அறையில். ஒரே ஜன்னல். நடுவில் பெஞ்சுகளை ஒட்டிப் போட்ட மேசை. சுவரோரம் மூன்று மர அலமாரிகள். திறந்தால் முதலில் நாப்தலீன் உருண்டை மணக்கும். கொஞ்சம் பொறுத்தால் அதற்கடியிலிருந்து யார் யாருடைய உடம்போ மணக்கும். வசதியுள்ள வீடுகளில், அல்லது சாவு விழுந்த வீடுகளில், துணிமணிகளை வாங்கி வந்து துவைத்து, தைத்து, இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. சங்கத்தின் வேலை இவ்வளவுதான். ஆனால் தைப்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் இன்னொரு வேலை உண்டு. வந்த துணி ஒவ்வொன்றிலும் இருக்கிற எல்லாப் பொத்தான்களையும் எடுத்துவிட்டு வேறு பொத்தான் வைக்க வேண்டும். நல்ல பொத்தானாக இருந்தாலும் சரி. அதைத்தான் பெரியம்மா செய்தாள். சபையில் அவளுக்குப் பட்டன் அக்கா என்றே பெயர்.

சங்கத்தை ஆரம்பித்தவர்கள் நான்கு பெண்கள். எங்கள் சபையில் எதற்கும் மூப்பர்களின் சம்மதம் வேண்டும். பெண்கள் தனியாகக் கூடுவதா என்று மூப்பர்கள் யோசித்து, ஒரு மூப்பர் உடனிருந்தால் கூடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். மற்றவர்களுக்கு நேரமில்லாததால் காது கேட்காத மூப்பர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆரம்ப ஜெபம் முடியுமுன்பே தூங்கிவிடுவாராம். "அவர் குறட்டை விட்டாத்தான் கூட்டம் ஆரம்பமாச்சுன்னு அர்த்தம். அவர் முழிச்சிருந்த அன்னிக்கு ஒரு வேலையும் நடக்காது" என்று பெரியம்மா சொல்வாள். அவளும் பார்த்ததில்லை. முன்னால் இருந்தவர்கள் சொல்லிக் கேட்டதுதான். அந்த நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் துவைத்த துணியை மடித்து அடுக்குவார்கள்.

பொத்தான் மாற்றும் வழக்கம் சங்கம் தொடங்கிய கொஞ்ச நாளில் வந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கையில், ஒரு பணக்கார வீட்டுச் சிறுமி இன்னொரு சிறுமியைக் காட்டி, "அம்மா, என் பூப்போட்ட பட்டன் கவுன்" என்று சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள். அந்த இன்னொரு குழந்தையின் குடும்பம் அதற்கப்புறம் ஆலயத்துக்கு வரவில்லை. கவுன் மட்டும் நன்றாகத் துவைத்து மடித்துத் திரும்பி வந்தது. நான்கு பெண்களும் அன்றைக்கே முடிவு செய்தார்கள். ஒரு துணியை அடையாளம் காட்டுவது பொத்தான், அதை மாற்றிவிட வேண்டும். தைக்கிறவர்கள் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. கொடுக்கிறவர்களுக்கு அது யார் வீட்டுத் துணி என்று தெரியக் கூடாது. யாருக்கு எது போயிற்று என்று எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது.

கொடுத்துவருகிற வேலை எங்கள் காலத்தில் கம்பவுண்டர் மனைவியுடையது. "கொடுத்துட்டு வாசப்படி இறங்கறதுக்குள்ள மறந்துடணும், அப்படித்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்பார். பழகிப் பழகி உண்மையாகவே மறந்துபோகிற ஆளாக ஆகிவிட்டார். அடுப்பில் பால் வைத்ததையும் மறப்பார். "சங்கத்துக்காக நான் பலியானேன்" என்று கம்பவுண்டர் சொல்வார்.

பெரியம்மாவுக்குத் தையல் கடையில் காஜா எடுக்கிற வேலை. பகலெல்லாம் பொத்தானுக்கு ஓட்டை, வியாழக்கிழமை சாயங்காலம் பொத்தான். பெரியப்பா சீக்கிரமே போய்விட்டார். ஒரே பையன், என் அண்ணன், ஒரு குடோனில் சரக்கு எழுதுகிறவனாக இருந்தான். சாவு விழுந்த வீடுகளுக்குச் சங்கத்தின் சார்பில் போய்த் துணி கேட்கிறவளும் பெரியம்மாதான். அது எல்லோராலும் முடிகிற வேலை இல்லை. அவள் போய் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, கடைசியில், "வெச்சிருந்தா பூச்சிதாம்மா தின்னும். குளுர்ல யாராவது போட்டுக்கட்டும்" என்பாள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

அண்ணன் செத்தது குடோன் முற்றத்தில். பின்னால் வந்த லாரி. அன்றைக்கு வெயில் அடித்ததால் கோட்டைப் போடாமல் போயிருந்தான். அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கருநீலக் கோட். முந்தைய குளிர்காலத்தில் கடைவீதியில் ஒரு கடை பழைய சரக்கைத் தள்ளுபடி போட்டபோது வாங்கியது. தோளில் கொஞ்சம் பெரிசு. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "உள்ள இன்னொருத்தன் வாடகைக்கு இருக்கலாம்மா" என்று சொன்னான். அந்த வருஷம் ஊரில் பாதிப் பேர் அந்தக் கோட்டைத்தான் போட்டார்கள்.

பெரியம்மா அழுததை நான் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த வியாழக்கிழமை கோட்டையும் மூன்று சட்டைகளையும் மற்றதையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என் அம்மா, "அக்கா, இப்பவேவா" என்றாள்.

"எத்தனை வீட்ல நான் சொல்லியிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அப்போது நான் பெரியம்மா வீட்டு மாடி அறையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். கனமாக இல்லை.

சங்கத்து அறையில் கோட்டை மேசையில் விரித்துப் பெரியம்மா பிளேடை எடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட், சங்கத்திலேயே வயதில் சின்னவள், "நான் பண்றேனே அக்கா" என்றாள்.

"நீ பண்ணா கழுத்து நிக்காது."

பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் நூலைச் சுற்றிக் கொஞ்சம் தூக்கி நிறுத்துவார்கள், அதற்குத்தான் கழுத்து என்று பெயர். பெரியம்மா நான்கு பொத்தான்களையும் அறுத்தாள். ஒவ்வொன்றாக உதட்டில் வைத்தாள். முதல் பொத்தானை வெகுநேரம் வைத்திருந்தாள். அப்புறம் தடுப்பு எதையும் பாராமல் நாலையும் மொத்தமாகப் போட்டாள். வேறு நாலு எடுத்துத் தைத்தாள். கோட் மடிந்து நாற்காலிக்குப் போயிற்று. அடுத்த வாரம் அங்கே இல்லை.

அதற்கப்புறம் வீட்டில் எல்லாம் முன்போலத்தான் நடந்தது. காலையில் கடை, வியாழனில் சங்கம். சமைத்தாள், சாப்பிட்டாள். உப்புப் போட்டாளா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை, சொன்னால் போட்டாள். வானொலியை யாராவது நிறுத்தினால் நிறுத்தினார்கள், இல்லாவிட்டால் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. ஒருநாள் பொத்தானை உதட்டிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டி, "இது சில்லுனு இருக்காடா?" என்று கேட்டாள். வைத்துப் பார்த்தேன். இருந்தது. சொன்னேன். "அப்படியா" என்று சிப்பித் தடுப்பில் போட்டாள்.

மறுபடி குளிர் வந்தது. ஒரு வியாழன், கூட்டம் முடிகிற நேரம், கம்பவுண்டர் மனைவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"அந்த நீலக் கோட் யாருக்குப் போச்சு?"

சங்கத்தின் இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கம்பவுண்டர் மனைவி முடிச்சைப் பிடித்தபடியே நின்றார்.

"எந்த நீலக் கோட்டுக்கா? நீலக் கோட்டே அஞ்சாறு போயிருக்கும்."

"பட்டன் என்ன பட்டன்?" என்றாள் டைப்பிஸ்ட். "பட்டன் சொன்னா ஒருவேளை ஞாபகம் வரும்."

பெரியம்மா யோசித்தாள். மேசையில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். எந்த வீட்டுச் சட்டைக்கு எந்த வருஷம் என்ன பொத்தான் வைத்தாள் என்று பந்தயம் கட்டிச் சொல்கிறவள்.

"தெரியலையே" என்றாள். "அன்னிக்கு என்ன வெச்சேன்னு தெரியலை."

சங்கத்தின் தலைவி டாக்டரம்மா. டாக்டரின் மனைவி. கண்டிப்பானவர், நல்லவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்து என்ன பண்ணப் போறீங்க? உங்களுக்குத் தெரியாததா."

"ஒண்ணும் பண்ண மாட்டேன். போட்டிருக்கறவங்களுக்குத் தோள் சரியா இருக்கான்னு பாக்கணும். அவனுக்குப் பெருசு அது."

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பெரியம்மாவே, "சரி விடுங்க. கேட்டிருக்கக் கூடாது" என்று ஊசியைக் குத்தி வைத்தாள்.

ஆனால் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் தன் வழக்கமான இடத்தில், இடதுபக்க மூன்றாவது பெஞ்சில், உட்காரவில்லை. பாட்டுப் புத்தகம் கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். புத்தகத்தை நீட்டும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. கழுத்துக்குக் கீழே, நான்கு பொத்தான் நீளம். நீலக் கோட் வந்தால் புத்தகத்தை உடனே விடமாட்டாள். வாங்குகிறவர் லேசாக இழுக்க வேண்டியிருக்கும். "பட்டன் அக்கா புக்கு குடுக்க மனசில்லாம குடுக்கறாங்க" என்று பையன்கள் சிரித்தார்கள். பிரசங்கம் நடக்கிறபோது பின்வரிசையில் உட்கார்ந்து தோள்களாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். தோள்கள் நிறைய இருந்தன.

லிஃப்ட்காரர் எப்போதும் கடைசியில் வருவார். ஊர் நடுவில் இருக்கிற பெரிய ஆபீஸ் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர், ஐம்பது தாண்டியவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். "நாள் பூரா மேலயும் கீழயும் போறேன், ஞாயித்துக்கிழமையாவது ஒரே இடத்துல உக்காரணும்" என்பதுதான் அவர் பேசி நான் கேட்டிருந்த ஒரே நீள வாக்கியம். ஒரு ஞாயிறு அவர் கருநீலக் கோட்டில் வந்தார். மர நிறப் பொத்தான்கள். இரண்டாவது பொத்தான் நூலில் தொங்கியது.

"தம்பி, ஆராதனை முடிஞ்சதும் பின்னால வாங்க. பட்டன் விழுந்துடும்" என்றாள் பெரியம்மா.

"இருக்கட்டும்மா, நானே..."

"வாங்கன்னா."

வந்தார். அறையில் பெரியம்மா, டைப்பிஸ்ட், பெரியம்மாவைக் கூட்டிப்போக வந்த நான். லிஃப்ட்காரர் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சட்டையோடு நிற்கக் கூச்சப்பட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். பெரியம்மா தொங்குகிற பொத்தானைத் தூக்கி அடியில் பார்த்தாள். கட்டைவிரலால் தடவினாள். மற்ற மூன்றின் கழுத்தையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். நூல் சுற்றிய சுற்று இறுக்கமாக, நேராக, நின்றது.

"இது கடைத் தையல் இல்லை" என்றாள்.

"இல்லம்மா."

"யாரோ கையால வெச்சது."

"ஆமாம்மா."

அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். பெரியம்மா அதற்குள் பிளேடை எடுத்திருந்தாள். தொங்கிய பொத்தானை அறுத்தாள். அடுத்ததற்குப் பிளேடு போனபோது லிஃப்ட்காரர் கையை நீட்டினார்.

"மத்தது நல்லாத்தாம்மா இருக்கு. அதை விட்டுடலாமே."

"ஒரு நூல் போச்சுன்னா மத்ததும் அதே வயசுதானே தம்பி. பின்னாலயே போகும். இருங்க, நாலையும் வெச்சுத் தரேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

பெரியம்மா நான்கையும் எடுத்து, அதே பொத்தான்களை, புது நூலில் வைத்தாள். ஒவ்வொன்றையும் தைப்பதற்கு முன்னால் உதட்டில் வைத்தாள். மூன்றாவதை வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். கோட்டைப் பிடித்து அவரைப் போடச் சொன்னாள். பின்னால் நின்று இரண்டு தோள்களையும் தட்டி இழுத்துவிட்டாள்.

"உங்களுக்குச் சரியா இருக்கு."

"இருக்கும்மா."

அவர் போகுமுன்பு மேசையில் கிடந்த அறுத்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோட் பைக்குள் போட்டுக்கொண்டார். "குப்பைக்கூடை அங்க இருக்குண்ணே" என்றாள் டைப்பிஸ்ட். "பரவால்லம்மா" என்று போய்விட்டார். "சுத்தமான ஆளு" என்றாள் பெரியம்மா.

வீட்டுக்கு வரும் வழியில், "என் கைதாண்டா அது" என்றாள். "அந்தக் கழுத்து வேற யாரு வெப்பா?" அன்றைக்கு ராத்திரி உப்பு சரியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பாட்டுப் புத்தக வேலையை விட்டுவிட்டு மூன்றாவது பெஞ்சுக்குத் திரும்பினாள். ஆராதனை முடிந்து வெளியே வருகையில் மட்டும் லிஃப்ட்காரரிடம் நின்று, இரண்டாவது பொத்தானை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள். "நிக்குதா?" "நிக்குதும்மா." வாராவாரம். குளிர் போன பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். நெற்றியில் வியர்க்கும்.

சபை கண்ணில்லாத சபை இல்லை. லிஃப்ட்காரர் போட்டிருப்பது பட்டன் அக்கா மகனுடைய கோட் என்று ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் சங்கத்தில் வாங்குகிறவர் என்றும் தெரிந்துவிட்டது. யாரும் கேவலமாக நடத்தவில்லை. கொஞ்சம் அன்பாகப் பேசினார்கள். அதுதான் வித்தியாசம். காணிக்கைப் பை அவர் வரிசைக்கு வரும்போது பை எடுக்கிறவர் சற்று வேகமாகக் கடந்தார். ஒரு சிறுவன் வாசலில், "தாத்தா, இது செத்துப்போன அண்ணன் கோட்டா?" என்று கேட்டான். அவன் அம்மா வாயைப் பொத்தினாள். லிஃப்ட்காரர், "ஏன், நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

டாக்டரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வியாழக்கிழமை பெரியம்மா வருமுன்பே பேச்சை எடுத்தார். "நாம எதுக்கு இந்த வழக்கத்தையே வெச்சோம்? அவர் முகத்தை யாராவது நெனச்சுப் பாத்தீங்களா?"

"சொல்ல முடியுமா அக்காகிட்ட? இப்பத்தான் மனுஷியா நடமாடறாங்க" என்றாள் டைப்பிஸ்ட்.

டாக்டரம்மா கம்பவுண்டர் மனைவியைப் பார்த்தார். "நீங்கதானே குடுத்தீங்க. அவருக்குத்தான் போச்சா?"

"போயிருக்கும்" என்றார் அவர். "எனக்கு எங்க ஞாபகம்? நான் அந்தத் தெருவுக்கே போனதா நெனப்பில்லை. ஆனா போயிருப்பேன். அக்கா தையலை அக்காவுக்குத் தெரியாதா?"

அதோடு, இத்தனை நாள் ஒரு வீட்டை மறந்துவிட்டோமே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் லிஃப்ட்காரர் வீட்டுக்குச் சோப்பும் பால்பவுடரும் ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டு போனார். லிஃப்ட்காரர் வாசலில் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார் என்று திரும்பி வந்து சொன்னார். அதை மட்டும் மறக்கவில்லை.

பெரியம்மா அதற்கப்புறம் சில வருஷங்கள் இருந்தாள். கடைசியில் நுரையீரல் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சட்டையின் மேல் பொத்தானைத் தேடி விரல் போனது. ஆஸ்பத்திரிச் சட்டையில் பொத்தான் இல்லை, நாடா. அடக்கத்துக்கு லிஃப்ட்காரர் வந்தார், நல்ல வெயிலில், அந்தக் கோட்டில். அடுத்த வியாழக்கிழமை அவளுடைய துணிகளைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். டைப்பிஸ்ட்தான் இப்போது பொத்தான் மாற்றுகிறாள். கழுத்து நிற்கிறது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு வேலையாக அந்தப் பெரிய ஆபீஸ் கட்டிடத்துக்குப் போயிருந்தேன். லிஃப்டில் அவர்தான். முக்காலியில் உட்கார்ந்து கம்பிக் கதவை இழுத்து மூடினார். நாங்கள் இருவர் மட்டும்.

"எத்தனாவது மாடி தம்பி?"

"ஆறு."

லிஃப்ட் மெதுவாக ஏறியது. என்ன பேசுவதென்று தெரியாமல், "அண்ணன் கோட் இன்னும் நல்லா இருக்கு" என்றேன்.

மூன்றாவது மாடியில் ஒருவர் கோப்புகளோடு ஏறினார். நான்காவதில் இறங்கினார். கதவை மூடிய பிறகுதான் லிஃப்ட்காரர் பேசினார்.

"அது உங்க அண்ணனோடது இல்ல தம்பி. நான் வாங்கினது. கடைவீதியில தள்ளுபடி போட்டான்ல, அப்ப. சங்கத்துல நான் எதுவும் வாங்கினதில்ல. சோப்பு, பவுடரெல்லாம் பக்கத்து வீட்டுல குடுத்துடுவேன். குழந்தை இருக்கு அங்க."

"பெரியம்மா தையல்னு..."

"கடை பட்டன் புடிக்கலைன்னு என் வீட்டுக்காரி மாத்தினா. அவளும் கல்யாணத்துக்கு முன்னால தையல் கடையில இருந்தவதான். அந்தக் கோட்டுலதான் கடைசியா ஊசி புடிச்சா. அதுக்கப்புறம் படுத்துட்டா."

ஆறாவது மாடி வந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.